கடைசி வரிசை நாற்காலி



சென்ற ரமலான், ஆண்டுக் கணக்கை முடிக்கும் மார்ச் மாதத்தோடு சேர்ந்து வந்தது. ஐந்தாம் இரவு, சென்னை மண்ணடியில் நான் வழக்கமாகத் தொழும் பள்ளியில் தராவீஹ் நடந்துகொண்டிருந்தது. ஏழாவது ரக்அத்தின் இரண்டாம் ஸுஜூதிலிருந்து எட்டாவது ரக்அத்திற்கு எழ முற்பட்டபோது, வலது தொடையும் அடிவயிறும் சந்திக்கும் மடிப்பில் யாரோ கயிறு கட்டி இழுத்தது போன்ற வலி. ஒரு கையைத் தரையில் ஊன்றித்தான் எழ முடிந்தது. பத்தாவது ரக்அத்தில் ஸலாம் கொடுத்ததும் வரிசையை விட்டு விலகிச் சுவரோரம் வந்து நின்றேன்.

எனக்கு இரண்டு முழம் தள்ளி, கடைசி வரிசையின் ஓரத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. முதியவர்களுக்கென்று பள்ளி நிர்வாகம் போட்டு வைத்தது. எனக்கு வயது 46. அந்த நாற்காலியைப் பார்த்தேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டிற்குப் போய்விட்டேன்.

அன்று என்னை அந்த நாற்காலியில் உட்கார விடாமல் தடுத்தது வலியன்று. ஆறு ஆண்டுகளுக்கு முன் என் வாப்பாவிடம் நான் சொல்லிய ஒரு சொல். அதைச் சொல்லாமல் இந்த வலியைப் பற்றி எழுதினால், பாதி உண்மையை மறைத்தவனாவேன்.

எங்கள் ஊர் காயல்பட்டினம். அப்போது வாப்பாவுக்கு 68 வயது. ஒரு விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது, அவர்கள் பள்ளியில் நாற்காலியில் அமர்ந்து தொழுவதை முதன்முறையாகக் கண்டேன். நான் நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர்களை முன் வரிசையில்தான் பார்த்திருக்கிறேன். அஸர் முடிந்து வீடு திரும்பும் வழியில், அறிவுரை சொல்லும் தோரணையில் நான் சொன்னேன்: “நாற்காலியிலே உட்கார்ந்து பழகிட்டா அப்புறம் எழும்பவே மாட்டீங்க வாப்பா. மனசு வச்சா நின்னே தொழலாமே.”

வாப்பா பதில் சொல்லவில்லை. அன்று மஃரிபில் என் பக்கத்தில் நின்று தொழுதார்கள். ஒவ்வொரு முறை எழும்போதும் அவர்களது மூச்சு சற்றே தடுமாறியது என் காதில் விழுந்தது. என் சொல் பலன் தந்ததாக எண்ணி நான் மகிழ்ந்தேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

இப்போது என் வலிக்கு வருகிறேன்.

நான் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கெழுதுபவன். மார்ச் மாதத்தில் காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் அமர்ந்தால், தொழுகைக்கு எழுவதைத் தவிர இரவு வரை அங்கேதான். நோன்பு நாட்களில் தேநீருக்காகக் கூட எழ வேண்டியதில்லை. அலுவலகத்தில் ஒழுச் செய்யும்போது, கைகழுவும் தொட்டியின் விளிம்பிற்குக் காலைத் தூக்கிக் கழுவுவது என் வழக்கம். ஷஅபான் மாதத்திலேயே வலது காலைத் தூக்கும்போது அந்த மடிப்பில் ஒரு சுருக்கென்ற வலி வந்து போனதுண்டு. வாகனத்தில் ஏறும்போதும், படுக்கையில் புரளும்போதும், மாடிப்படியில் முதல் அடி வைக்கும்போதும் வந்தது. பொருட்படுத்தவில்லை. ரமலான் பிறந்ததும், பகல் முழுதும் மடங்கிக் கிடந்த அந்தக் கால்களைக் கொண்டு இரவில் 20 ரக்அத் தொழத் தொடங்கினேன். அதாவது 40 ஸுஜூதுகள். ஐந்தாம் நாள் உடல் தன் கணக்கைக் காட்டிவிட்டது.

அடுத்த சில நாட்களில் நான் செய்த தவறுகள் இரண்டு. முதலாவது, தெரிந்தவர் ஒருவர் சொன்னாரென்று, ஒருவரிடம் எண்ணெய் போட்டு அந்த இடத்தை அழுத்தித் தேய்க்கச் செய்தேன். புதிதாகப் புண்பட்ட தசையை அழுத்தித் தேய்ப்பது அதை மேலும் புண்படுத்தும் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். மறுநாள் நொண்டினேன். இரண்டாவது, மருந்துக் கடையில் நானே கேட்டு டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கி, ஸஹரில் இரண்டு பேரீச்சம்பழத்தோடு விழுங்கினேன். லுஹருக்குள் வயிறு எரியத் தொடங்கிவிட்டது. இவ்வகை வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கக் கூடியவை. தண்ணீர் குறைந்த உடலில் சிறுநீரகத்திற்கும் கேடு செய்யக் கூடியவை. சுமார் பதின்மூன்று மணி நேரம் நீரின்றி இருக்கப் போகிறவன், மருத்துவரைக் கேளாமல் எடுக்கத் தக்க மருந்தன்று அது.

எட்டாம் நாள் ஓர் எலும்பு மூட்டு மருத்துவரிடம் சென்றேன். “இடுப்பு வலி டாக்டர்” என்றேன். அவர் சிரித்தபடி, “வார்த்தையில் சொல்ல வேண்டாம். ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்” என்றார்.

இந்த ஒரு கேள்வியின் அருமையை நான் அப்போது உணரவில்லை. தமிழில் ‘இடுப்பு’ என்ற ஒரே சொல்லால் நாம் பல இடங்களைக் குறிக்கிறோம். முதுகின் கீழ்ப்பகுதியும் இடுப்பு. வேட்டி கட்டும் இடமும் இடுப்பு. தொடை எலும்பு சென்று பொருந்தும் பந்துக்கிண்ண மூட்டும் இடுப்பு. ஆகவே ஒருவர் இடுப்பு வலி என்றதும், கேட்பவர் கீழ்முதுகு வலி என்றே எடுத்துக்கொள்கிறார். தைலம் முதுகில் பூசப்படுகிறது. பெல்ட் முதுகில் கட்டப்படுகிறது. நோயோ வேறிடத்தில் இருக்கிறது. முன்பக்கத் தொடை மடிப்பில் வரும் வலி பெரும்பாலும் அங்குள்ள தசைகளிலிருந்தோ, இடுப்பு மூட்டிலிருந்தோ வருவது என்று அவர் விளக்கினார். குடலிறக்கமும், முதுகெலும்பின் நரம்பு அழுத்தமும், சிறுநீரகக் கல்லும்கூட அங்கே வலியைக் காட்டக்கூடும். எனவேதான் விரலால் தொட்டுக் காட்டுவது அவசியமாகிறது.

அவர் என்னைக் கட்டிலின் விளிம்பில் மல்லாந்து படுக்க வைத்தார். இடது முழங்காலை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்ளச் சொல்லி, வலது காலைத் தளர விடச் சொன்னார். இயல்பாக இருந்தால் அந்தத் தொடை கட்டிலில் படிந்திருக்க வேண்டும். என் தொடையோ படியாமல் மேலே தூக்கி நின்றது. இதற்குத் தாமஸ் சோதனை என்று பெயராம். பிறகு என் தொடையின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு, அதை எதிர்த்துக் காலைத் தூக்கச் சொன்னார். வலி வந்தது, ஆனாலும் தூக்க முடிந்தது. மூட்டை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். அது தடையின்றித் திரும்பியது.

“மூட்டு நன்றாக இருக்கிறது. தசையில் லேசான கிழிசல். நாள்பட்ட இறுக்கத்தின் மேல் திடீரென்று வந்த சுமை” என்றார்.

அவர் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். தொடையை வயிற்றை நோக்கி மடக்கித் தூக்குவதற்கென்றே நம் உடலில் ஒரு தசைக் கூட்டம் உண்டு. அவற்றுள் முதன்மையானது சோயஸ் எனும் நீண்ட தசை. அது கீழ்முதுகெலும்பின் இரு பக்கங்களிலும் தொடங்கி, அடிவயிற்றின் ஆழத்தில் இறங்குகிறது. இடுப்பெலும்பின் உட்குழிவிலிருந்து வரும் இலியாக்கஸ் எனும் தசையோடு சேர்ந்து, தொடை எலும்பின் உட்புறமுள்ள சிறு முண்டில் போய்ப் பொருந்துகிறது. தொடையின் முன்புறம் இடுப்பையும் முழங்காலையும் ஒருசேரக் கடக்கும் ரெக்டஸ் ஃபெமோரிஸ் எனும் தசையும் இவற்றுக்குத் துணை. படியேறுவதும், ஓடுவதும், பந்தை உதைப்பதும், ஒழுவுக்காகக் காலைத் தொட்டி விளிம்பிற்குத் தூக்குவதும் இவற்றின் வேலையே.

நாம் அமர்ந்திருக்கும்போது இத்தசைகள் சுருங்கிய நிலையில் கிடக்கின்றன. நாள்தோறும் பத்து மணி நேரம் அப்படியே கிடந்தால் அவை இறுகிப் போகலாம். நெடுநாள் உழைக்காததால் வலுவும் குன்றுகிறது. அவற்றுக்கு எதிர்ப்புறம் இயங்கும் பிட்டத் தசைகளும் சோம்பிவிடுகின்றன. இந்நிலையில் ஒருநாள் திடீரென ஓடினாலோ, பிள்ளைகளோடு பந்து விளையாடினாலோ, மாடி பல ஏறினாலோ, தாங்க மாட்டாமல் தசையிழைகள் சில அறுகின்றன. விளையாட்டு வீரர்களுக்கு மிகை உழைப்பால் வருவது, என் போன்றவர்களுக்கு உழைப்பின்மையால் வருகிறது. கிழிசல் லேசானதாயின் ஒன்று முதல் மூன்று வாரங்களில் ஆறும். நடுத்தரமாயின் நான்கு முதல் எட்டு வாரங்கள் வரை ஆகலாம். தசை முழுதும் அறுந்துபோவது அரிது, அதற்கு மாதக்கணக்கில் கவனிப்பு தேவை.

காய்ச்சல் உண்டா, உடல் இளைத்ததா, இரவில் ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் வலி எழுப்புகிறதா, கால் மரத்துப் போகிறதா, தொடை மடிப்பில் வீக்கமோ கட்டியோ தெரிகிறதா, காலை ஊன்றவே முடியவில்லையா, நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து எடுத்ததுண்டா என்றெல்லாம் அவர் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். முதுகெலும்பில் காசநோய் கண்டவர்களுக்குச் சோயஸ் தசையின் உறைக்குள் சீழ் இறங்கித் தங்குவதுண்டு. குடல்வால் அழற்சி அத்தசையை உறுத்துவதுண்டு. தொடை எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் குன்றி அது நலிவதுண்டு. வயதானவர்களுக்கு ஒரு சிறு சறுக்கலிலேயே தொடை எலும்பின் கழுத்து முறிவதுண்டு. இவற்றையெல்லாம் தசைப்பிடிப்பு என்று எண்ணித் தைலம் பூசிக்கொண்டிருந்தால் காலம் வீணாகும். எனக்கு அந்த அடையாளங்கள் எவையும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். பாரசிட்டமால் மட்டும் எழுதிக் கொடுத்து, ஓர் இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார்.

அந்த இயன்முறை மருத்துவரும் நம் சகோதரரே. அவரிடம் நான் சற்று வீம்பாகவே கேட்டேன்: “ஐந்து வேளையும் தொழுகிறேன். தொழுகையே நல்ல உடற்பயிற்சி என்கிறார்களே. எனக்கு ஏன் இது வர வேண்டும்?”

அவர் நிதானமாகச் சொன்னார்: “தொழுகை இபாதத்து. அதை நாம் உடற்பயிற்சிக் கணக்கில் எழுதத் தேவையில்லை. ஆனால் கேட்டதனால் சொல்கிறேன். நிலையில் நிற்கும்போது உங்கள் இடுப்பு நேராக இருக்கிறது. ருகூஉவில் மடங்குகிறது. ஸுஜூதில் அதைவிட மடங்குகிறது. இருப்பிலும் மடங்கியே இருக்கிறது. தொடை பின்னோக்கிச் செல்லும் நிலை தொழுகையில் எதுவும் இல்லை. உங்கள் தசைக்குத் தேவையான நீட்சி பின்னோக்கிச் செல்லும்போதுதான் கிடைக்கும். பள்ளிக்கு எப்படிப் போகிறீர்கள்?”

“வண்டியில்.”

“எவ்வளவு தூரம்?”

“ஐந்நூறு, அறுநூறு மீட்டர் இருக்கும்.”

“நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் பின்னால் இருக்கும் கால் அந்தத் தசையை நீட்டிவிடுகிறது. பள்ளிக்கு எடுத்து வைக்கும் அடிகளுக்கு நன்மை உண்டென்று மிம்பரில் கேட்டிருப்பீர்கள். அந்த அடிகளைத்தான் நீங்கள் விட்டுவிட்டீர்கள்.”

நான் தலைகுனிந்தேன். அறுநூறு மீட்டருக்கு வண்டியை எடுத்தது நேரமின்மையாலன்று, பழக்கத்தால்.

அன்றிரவு எங்கள் பள்ளியின் இமாமைத் தனியே கண்டு என் நிலையைச் சொன்னேன். “இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன” என்றார். “பர்ளான தொழுகையில் எது இயலுமோ அதைச் செய்யுங்கள், எது இயலாதோ அதற்கு மட்டும்தான் சலுகை. நிற்க முடிகிறதென்றால் நில்லுங்கள். ஸுஜூதும் எழுவதும் வலியைக் கூட்டுமென்றால், அங்கே நாற்காலியில் அமர்ந்து, குனிந்து சைகை செய்யுங்கள். தராவீஹ் ஸுன்னத்தானது. அதை உட்கார்ந்து தொழவும் இடமுண்டு.” நின்று தொழ இயலாத நோயாளிக்கு அமர்ந்தும், அதுவும் இயலாதவருக்குப் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருப்பதை எடுத்துச் சொல்லிவிட்டு, “அந்தச் சலுகையைப் பெற வெட்கப்படுவது பேணுதல் ஆகாது” என்றார்.

மறுநாள் இஷாவில் அந்த நாற்காலியில் அமர்ந்தேன். முதல் இரண்டு ரக்அத்தும் என் மனம் ஓதலில் இல்லை. முன் வரிசைகளின் முதுகுகள் ஒன்றாகக் குனிந்து நிமிர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொழுகை முடிந்து திரும்பிய இளைஞர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதில் இகழ்ச்சி இருந்ததோ என்னவோ. ஆனால் அந்தப் பார்வையை நான் அறிவேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் என் கண்களில் இருந்தது அதுதான்.

சிகிச்சை எளிமையானது; ஆனால் பொறுமையைக் கேட்பது. முதல் சில நாட்கள் வலியைத் தூண்டும் செயல்களை விட்டேன். தொட்டி விளிம்பிற்குக் காலைத் தூக்குவதற்குப் பதிலாக, ஒரு முக்காலியில் அமர்ந்து, குவளையால் நீரெடுத்துத் தரையிலேயே காலைக் கழுவினேன். எங்கள் ஊர்ப் பழைய பள்ளிகளின் ஹவ்ழ் ஓரத்தில் அமர்ந்து, காலைத் தூக்காமலே ஒழுச் செய்த நாட்கள் நினைவுக்கு வந்தன. வலி மிகும்போது பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்தேன். ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணை வைத்துக்கொண்டேன். முழு ஓய்வு கூடாது, வலியில்லாத அளவுக்குச் சமதரையில் நடக்க வேண்டும் என்பது கட்டளை.

ஒரு வாரம் சென்றபின் பயிற்சிகள் தொடங்கின. முதலாவது, நாற்காலியில் அமர்ந்து, வலது தொடையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, காலை அசைக்காமல் கையை எதிர்த்துத் தொடையை மேலே தள்ளுவது, ஐந்து விநாடி பிடித்து விடுவது, பத்து முறை. இரண்டாவது, மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி, பிட்டத்தை இறுக்கி இடுப்பை மட்டும் தூக்குவது; இதுவும் பத்து முறை.

மூன்றாவதுதான் நீட்சிப் பயிற்சி. வலி அடங்கிய பிறகே அதைச் செய்ய வேண்டும் என்றார். மடித்த துணியின் மேல் வலது முழங்காலை ஊன்றி, இடது பாதத்தை முன்னே வைத்து, அரை மண்டியிட்ட நிலையில் இருக்க வேண்டும். முதுகை வளைக்காமல், வலது பிட்டத்தை இறுக்கி, உடலை மெல்ல முன்னே நகர்த்தினால், தொடையின் முன்புறம் இதமான இழுப்பு தெரியும். 30 விநாடி அப்படியே இருந்து தளர்த்த வேண்டும், மூன்று முறை, பிறகு மறுகாலுக்கும். குத்தும் வலி வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நான் முதல் நாள் முதுகை வளைத்துக்கொண்டு, வெகு தூரம் குனிந்துவிட்டதாகப் பெருமைப்பட்டேன். அவர் என் முதுகை நேராக்கியதும் ஓர் அங்குலம்கூட நகர முடியவில்லை. என் தசை எவ்வளவு இறுகியிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

நோன்பு திறந்து, மஃரிபிற்கும் இஷாவிற்கும் இடையில் இவற்றைச் செய்தேன். அலுவலகத்தில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்பதற்காகக் கைபேசியில் மணி வைத்தேன். முழங்கால்களைவிட இடுப்பு சற்றே உயர்ந்திருக்குமாறு நாற்காலியை உயர்த்தினேன். மூன்றாம் வாரம் ரப்பர்ப் பட்டையைக் காலில் மாட்டித் தொடையைத் தூக்கும் பயிற்சி சேர்ந்தது. ரமலானின் கடைசி இரவுகளில் பர்ளை முழுதாக நின்று தொழ முடிந்தது; தராவீஹில் பாதியை நாற்காலியில் தொழுதேன். முழுதும் குணமாக ஏழு வாரங்கள் ஆயின. வலி போனதும் பயிற்சியை விட்டவர்கள் பலர் மீண்டும் தம்மிடம் வந்ததுண்டு என்று அந்தச் சகோதரர் எச்சரித்ததால், இன்றளவும் விடவில்லை.

பெருநாளைக்கு ஊர் சென்றேன். பெருநாள் காலை, புத்தாடை உடுத்திய வாப்பா திண்ணையில் அமர்ந்து செருப்பை மாட்ட முயன்றார்கள். வலது காலை மடக்கிப் பாதத்தைத் தொட அவர்களால் முடியவில்லை. பேரன் ஓடிவந்து மாட்டிவிட்டான். நான் அருகில் அமர்ந்து கேட்டேன்: “வாப்பா, எங்கே வலிக்குது? விரலாலே தொட்டுக் காட்டுங்க.”

“இடுப்புதான் வாப்பா. பழைய வலி” என்றபடி, மகனையும் வாப்பா என்றழைக்கும் தம் வழக்கப்படி சொல்லிவிட்டு, கையை வைத்தார்கள். முதுகிலன்று. எனக்கு எங்கே வலித்ததோ, அதே தொடை மடிப்பில்.

வீட்டு அலமாரியில் முதுகுக்கான பெல்ட் இரண்டு கிடந்தன. தைலப் புட்டிகள் எத்தனையோ. ஆறு ஆண்டுகளாக எல்லாரும் அவர்களது முதுகுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறோம்.

அன்றிரவு அடுக்களையில் உம்மாவிடம் இதைச் சொன்னபோது, அவர்கள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்கள்: “நீ அன்னைக்கு ஏதோ சொல்லிட்டுப் போனதிலேருந்து, அவங்க அஸருக்கும் மஃரிபுக்கும் பள்ளிக்குப் போறதையே விட்டுட்டாங்க. கூட்டம் குறைஞ்ச ஸுப்ஹுக்கு மட்டும் போவாங்க. பிள்ளை பார்த்த மாதிரித்தானே ஊரும் பார்க்கும்னு சொன்னாங்க.”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு மனிதரை, அதுவும் என்னைக் கைபிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்றவரை, என் ஒரு சொல் ஆறு ஆண்டுகள் ஜமாஅத்திலிருந்து தள்ளி வைத்திருக்கிறது. அவர்களது வலி எதனால் என்று ஒரு வார்த்தை கேட்காமலே, மனத்தின் குறை என்று தீர்ப்புச் சொன்னவன் நான்.

பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் தூத்துக்குடிக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த மருத்துவர் வாப்பாவின் மூட்டைத் திருப்பிப் பார்த்தார். உள்நோக்கி அது திரும்பவேயில்லை. எக்ஸ்ரேயில், எனக்கே தெரியும்படி, வலது இடுப்பு மூட்டில் பந்துக்கும் கிண்ணத்திற்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி மறைந்திருந்தது. மூட்டுத் தேய்மானம். என்னுடையதைப் போலப் பயிற்சியால் மட்டும் ஆறக்கூடியதன்று. காலையில் எழுந்ததும் சற்று நேரம் இறுக்கம், கால் நகம் வெட்ட இயலாமை, தரையில் அமர்ந்து எழ இயலாமை, நடந்தால் தொடை மடிப்பில் வலி என எல்லா அடையாளங்களும் முன்பே இருந்திருக்கின்றன; கேட்க ஆளில்லை.

வலுவூட்டும் பயிற்சிகளும், அளவான வலி மருந்தும், கைத்தடியும் இப்போதைக்குப் போதும். அன்றாட வாழ்வு முடங்கினால் செயற்கை மூட்டுப் பொருத்தும் அறுவையைப் பற்றி முடிவு செய்யலாம் என்றார் மருத்துவர். கைத்தடியை எந்தக் கையில் பிடிக்கிறீர்கள் என்றும் கேட்டார். வாப்பா வலக்கையைக் காட்டினார்கள். வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில்தான் தடியைப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் நோயுற்ற மூட்டின் மீது விழும் சுமை குறையும் என்று திருத்தினார். அந்த வழவழப்பான பிடியைப் பார்த்தேன். எத்தனை ஆண்டுகள் தவறான கையில் இருந்தது அது!

திரும்பும் வழியில், வாகனத்தின் பின்னிருக்கையில், நான் சொன்னேன்: “வாப்பா, அன்னைக்கு அஸர் முடிஞ்சு வர்றப்போ நான் பேசினதை மன்னிச்சிடுங்க.”

வாப்பா சன்னல் வழியே உப்பளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பேச்சு என்று அவர்கள் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து என் பக்கம் திரும்பி, “உனக்கு இப்போ வலி எப்படி இருக்கு?” என்றார்கள்.

“குறைஞ்சிருக்கு வாப்பா.”

“அப்போ அஸருக்குச் சேர்ந்தே போவோம். நான் மெதுவாத்தான் நடப்பேன்.”

அன்று அஸருக்கு நாங்கள் வண்டி எடுக்கவில்லை. இடக்கையில் தடியோடு அவர்களும், வலது கால் சற்றே கனத்தவனாக நானும் நடந்தோம். வழியில் இரண்டு திண்ணைகளில் அமர்ந்து எழுந்தோம். இகாமத்துச் சொல்லும்போதுதான் பள்ளிக்குள் நுழைந்தோம். நான் ஒரு நாற்காலியை எடுத்து வரிசையின் ஓரத்தில் போட்டேன், அவர்கள் அமர்ந்தார்கள், நான் பக்கத்தில் நின்றேன்.

சகோதரர்களே! உங்கள் தொடை மடிப்பில் வலி வந்தால் பொறுத்துக்கொண்டே இருக்காதீர்கள். நீங்கள் எவ்வளவு நேரம் அமர்ந்திருக்கிறீர்கள், எவ்வளவு நடக்கிறீர்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். ஓய்வு கொடுத்தும் இரண்டு வாரங்களில் குறையாவிட்டாலோ, நான் மேலே சொன்ன அபாய அடையாளங்களில் ஒன்று இருந்தாலோ, தாமதியாமல் மருத்துவரைக் காணுங்கள். உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பற்றியும் நாம் கேட்கப்படுவோம்.

பள்ளியின் கடைசி வரிசையில் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருக்கக் கண்டால், அவரது வயதை எண்ணாதீர்கள். அவரது மனவுறுதியை அளக்காதீர்கள். அவரது மூட்டும் தசையும் நரம்பும் உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. உங்களுக்கு நெருக்கமானவராயின், அருகில் சென்று, எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால், இன்றே கேளுங்கள். விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பரிபூரண ஷிஃபாவை அருள்வானாக. நம் நாவுகளால் பிறர் மனம் நோகாதவாறு நம்மைக் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.